விடையை ஒப்பிடும் மாணவர்கள்: அமெரிக்க வரலாற்றுத் தேர்வும் வினாத்தாளின் அதிகாரமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் இந்த நினைவு நாளில் கல்வி சார்ந்த ஒரு பொருளை எடுத்து விரிவாகப் பேசுவது நமது அரங்கின் வழக்கம். இவ்வாண்டு அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் மே மாதத்தில் எழுதும் வரலாற்றுத் தேர்வைப் பற்றியும், அதை எழுதி முடித்து வெளியே வந்ததும் அவர்கள் தமக்குள் விடைகளை ஒப்பிட்டுப் பேசுவதைப் பற்றியும் பேச இருக்கிறோம். எங்கோ நடக்கும் தேர்வு நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஒரு சமூகம் தன் பிள்ளைகளிடம் கடந்த காலத்தைப் பற்றி எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதை வைத்து அதன் அதிகார அமைப்பைப் படிக்கலாம். அந்த நாட்டில் இந்தச் சண்டை வெளிப்படையாக, பதிவுகளோடு நடந்திருக்கிறது. அதனால் நாம் கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது.

தேர்வின் அமைப்பு

'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்திலான பாடத்தைப் படிக்கும் திட்டம். சுருக்கமாக ஏ.பி. என்பார்கள். 1900இல் தொடங்கப்பட்ட 'காலேஜ் போர்டு' என்ற அமைப்பு 1950களிலிருந்து இதை நடத்துகிறது. அது அரசுத் துறை அல்ல. கட்டணம் வாங்கித் தேர்வு நடத்தும், இலாப நோக்கற்றதாகப் பதிவான நிறுவனம். ஒரு பாடத்துக்கான கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். வறிய மாணவர்களுக்குச் சலுகை உண்டு. மதிப்பீடு 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் பெற்றால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகவே ஏற்றுக்கொள்கின்றன. கல்லூரிக் கட்டணம் வானத்தைத் தொடும் நாட்டில், ஒரு பாடத்தின் செலவு மிச்சமாகிறது என்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய செய்தி.

அமெரிக்க வரலாற்றுத் தேர்வை ஆண்டுதோறும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். நேரம் 3 மணி 15 நிமிடம். முதலில் 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள். இவற்றுக்கு 40 விழுக்காடு மதிப்பு. அடுத்து 40 நிமிடத்தில் மூன்று குறுவினாக்களுக்கு 20 விழுக்காடு. பிறகு ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரைக்கு ஒரு மணி நேரம், 25 விழுக்காடு. கடைசியாக, மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து எழுதும் நெடுங்கட்டுரைக்கு 40 நிமிடம், 15 விழுக்காடு.

இவற்றில் ஆவணக் கட்டுரைதான் இத்தேர்வின் முகம். 1973இல் அறிமுகமான முறை இது. இப்போது மாணவர் முன் ஏழு ஆவணங்கள் வைக்கப்படுகின்றன. ஒரு கடிதம், ஒரு சட்டத்தின் பகுதி, ஒரு கேலிச்சித்திரம், ஒரு மேடைப் பேச்சு என்று அவை இருக்கும். அவற்றைப் படித்து, வினாவுக்குத் தன் வாதத்தை அவர் கட்ட வேண்டும். மதிப்பெண் ஏழு. தெளிவான வாதத்துக்கு ஒன்று, காலச்சூழலை விளக்கினால் ஒன்று, ஆவணங்களைச் சான்றாகப் பயன்படுத்துவதற்கு இரண்டு, தாளில் இல்லாத ஒரு சான்றைத் தன் படிப்பிலிருந்து கொண்டுவந்தால் ஒன்று. இந்த ஆவணத்தை எழுதியவர் யார், யாருக்காக, எந்த நோக்கில் எழுதினார் என்று விளக்கினால் ஒன்று. பிரச்சினையின் சிக்கலைப் பல கோணத்தில் காட்டினால் கடைசி ஒன்று. ஜூன் மாதத்தில் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஆயிரக்கணக்கில் கூடி இவற்றைத் திருத்துகிறார்கள். ஜூலையில் முடிவு வரும்.

தேர்வு முடிந்த பின் நடக்கும் பேச்சு

மே மாதத்துக்கும் ஜூலைக்கும் நடுவே மாணவர்கள் சும்மா இருப்பதில்லை. கொள்குறி வினாக்களை வெளியே பேசக் கூடாது என்பது விதி. மீறினால் மதிப்பெண் ரத்தாகலாம். கட்டுரை வினாக்களை மட்டும் நிர்வாகமே இரண்டு நாள் கழித்து வெளியிடும். அதன் பிறகு அவற்றைப் பேசத் தடையில்லை. விதி இப்படி இருந்தாலும், தேர்வு எழுதியவர்களின் வாயை யாரால் கட்ட முடியும்? நம் ஊரில் பொதுத்தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் 'அந்த ஒரு மார்க்குக்கு நீ என்ன போட்ட?' என்று கேட்டுக்கொள்வதைப் போலத்தான் அங்கும்.

அந்தப் பேச்சில் இரண்டு வகை உண்டு. கொள்குறி வினாவைப் பற்றிப் பேசும்போது விடை ஒன்றே ஒன்றுதான். நீ 'இ' போட்டாய், நான் 'ஆ' போட்டேன். இருவரில் ஒருவர் தவறு, அல்லது இருவருமே தவறு. பேச்சு அதோடு முடிந்துவிடும். கட்டுரையைப் பற்றிப் பேசும்போது அப்படி முடிவதில்லை. 'தாளில் இல்லாத சான்றாக நீ எதை எழுதினாய்?', 'நான்காம் ஆவணத்தை எந்தப் பக்கம் சேர்த்தாய்?', 'மாற்றம் நடந்தது என்று எழுதினாயா, நடக்கவில்லை என்று எழுதினாயா?' என்று கேள்விகள் போகும். ஒருவர் நடந்தது என்று எழுதியிருப்பார். மற்றவர் நடக்கவில்லை என்று எழுதியிருப்பார். இருவரும் சான்றோடு எழுதியிருந்தால் இருவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம். வரலாறு என்பது சான்றை வைத்து நடத்தும் வழக்கு என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற இடம் பல நேரம் வகுப்பறையைவிட இந்தப் பேச்சாகவே இருக்கிறது.

இதை நாம் மிகைப்படுத்திப் புகழவும் வேண்டாம். அந்த ஒரு 'சிக்கல்' மதிப்பெண் கிடைக்குமா என்பதே கவலையாகி, அடிமை வாழ்வும் படுகொலையும் மதிப்பெண் கணக்கில் ஓர் எண்ணாகச் சுருங்குவதும் அதே பேச்சில்தான் நடக்கிறது. பயிற்சிக் கையேடுகள் இந்தச் சுருக்கத்தையே விற்கின்றன. ஒரே தேர்வில் இரண்டும் இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்து ஒரு வினாவைப் பார்ப்போம்.

2009ஆம் ஆண்டின் வினா

2009 தேர்வின் ஆவணக் கட்டுரை வினா இதுதான்: 1775க்கும் 1830க்கும் இடையில் ஆப்பிரிக்க அமெரிக்கர் பலர் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றார்கள், அதே காலத்தில் அடிமைமுறை விரிவடையவும் செய்தது. இரண்டும் ஏன் நடந்தன? விடுதலை பெற்றவர்களும் அடிமைகளாக இருந்தவர்களும் தம் நிலையை எப்படி எதிர்கொண்டார்கள்?

முதல் பகுதிக்கு இரண்டு மாணவர்கள் எதிரெதிர்த் திசையிலிருந்து தொடங்கலாம். ஒருவர் வடக்கைப் பார்ப்பார். மனிதர் அனைவரும் சமம் என்று பேசிய புரட்சிக் காலம், 1780இல் பென்சில்வேனியா கொண்டுவந்த படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம், 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு வந்த தடை ஆகியவற்றை எழுதுவார். மற்றவர் தெற்கைப் பார்ப்பார். 1793இல் வந்த பருத்திக் கொட்டை நீக்கும் எந்திரம் பருத்தியை இலாபப் பயிராக்கியது; புதிய நிலங்கள் திறந்தன; உள்நாட்டு அடிமைச் சந்தை பெருத்தது. 1790 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1830இல் 20 லட்சத்தைத் தொட்டது. இருவர் விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், சமத்துவம் பேசிய நாடே அடிமைச் சந்தையைப் பெருக்கிய நாடு என்பது தெரிகிறது.

வினாவின் இரண்டாம் பகுதி நமக்கு இன்னும் முக்கியம். ஒடுக்கப்பட்டோருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதோடு அது நிற்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறது. இதற்கு விடை எழுத வேண்டுமானால், 1800இல் ரிச்மண்டில் எழுச்சிக்குத் திட்டமிட்டுத் தூக்கிலிடப்பட்ட கேப்ரியேலைத் தெரிந்திருக்க வேண்டும். 1816இல் ரிச்சர்டு ஆலன் தலைமையில் கறுப்பின மக்கள் தமக்கென்று ஒரு திருச்சபையை அமைத்ததைத் தெரிந்திருக்க வேண்டும். 1827இல் கறுப்பினத்தவர் தாமே நடத்திய முதல் செய்தித்தாளான 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' வெளிவந்ததையும், 1829இல் டேவிட் வாக்கர் தம் 'முறையீடு' நூலை வெளியிட்டதையும் தெரிந்திருக்க வேண்டும். தேர்வில் கேட்பார்கள் என்றால் வகுப்பில் நடத்துவார்கள். வகுப்பில் நடத்தினால் வெள்ளைக்காரப் பிள்ளையும் அந்தப் பெயர்களைப் படித்தாக வேண்டும். ஒரு வினாவின் இரண்டாம் வரி செய்கிற வேலை இது.

பாடநூலை அளந்த கோல்

இப்படி ஒரு வினா தானாக வந்துவிடவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைமுறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற தெற்கத்திய மாநிலங்களின் தரப்பு, பாடநூலில் வெல்வதற்கு முறையாக வேலை செய்தது. அந்தப் படைவீரர்களின் மகளிர் சங்கம் இதில் முன்னணியில் நின்றது. அதன் வரலாற்றாளராக இருந்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்டு, 1920ஐ ஒட்டி, பள்ளிப் புத்தகங்களைச் சோதிப்பதற்கான ஓர் 'அளவுகோல்' தயாரித்துப் பரப்பினார். தெற்கு அடிமைகளை வைத்திருப்பதற்காகவே போரிட்டது என்று ஒரு நூல் சொன்னால் அதை நிராகரிக்க வேண்டும் என்பது அந்த அளவுகோலின் விதிகளில் ஒன்று.

பல்கலைக்கழகமும் விலகி நிற்கவில்லை. 1865க்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தில் கறுப்பின மக்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றங்களில் அமர்ந்தார்கள், பொதுப் பள்ளிகளை நிறுவினார்கள். அந்தக் காலத்தை ஊழலின் காலம் என்றும், தகுதியற்றோரின் ஆட்சி என்றும் எழுதிய வரலாற்றுப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங். அவரும் அவர் மாணவர்களும் எழுதியது பல பத்தாண்டுகள் பாடமாக நிலைத்தது. அதை எதிர்த்து 1935இல் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ், மறுகட்டமைப்புக் காலத்தில் கறுப்பின மக்களின் பங்கைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அதன் கடைசி அத்தியாயம் வரலாறு எப்படிப் பிரச்சாரமாக்கப்பட்டது என்பதைப் பற்றியது. அதில் அவர் அன்று பள்ளிகளில் இருந்த பாடநூல்களையே சான்றாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அதற்கு முன்பே, 1926இல், கார்ட்டர் வுட்சன் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியிருந்தார்.

டூபாய்ஸின் வாதம் தேர்வு அறைக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின. குடியுரிமைப் போராட்டம் தெருவில் நடந்த பிறகே வரலாற்றுத் துறை பெரும்பான்மையாக அவர் பக்கம் திரும்பியது. 1996இல் இதே ஏ.பி. தேர்வு, 1860 முதல் 1877 வரை நடந்த அரசமைப்பு, சமூக மாற்றங்களை ஒரு புரட்சி என்று எந்த அளவுக்குச் சொல்லலாம் என்று மாணவர்களிடம் கேட்டது. டன்னிங்கின் காலத்தில் 'சீரழிவு' என்று மனப்பாடம் செய்யப்பட்ட காலம் அது.

2014: பாடத்திட்டத்தின் மீதான சண்டை

2014இல் காலேஜ் போர்டு இத்தேர்வின் பாடத்திட்டத்தை மாற்றி அமைத்தது. தகவல்களை மனப்பாடமாகக் கேட்ட 80 கொள்குறி வினாக்கள் போய், ஒரு பகுதியைப் படித்து விடை சொல்லும் 55 வினாக்கள் வந்தன. புதிய பாடத்திட்டத்தின் முதல் காலப்பகுதி 1491இல் தொடங்குகிறது. கொலம்பஸ் வந்தது 1492. பூர்வகுடிகளின் வரலாறு அவர் கப்பலிலிருந்து இறங்கியதோடு தொடங்கவில்லை என்று அந்த ஓர் எண் சொல்கிறது. ஆனாலும் அந்தக் காலப்பகுதிக்குத் தேர்வில் இன்று ஒதுக்கப்படுவது 4 முதல் 6 விழுக்காடுதான். அங்கீகாரம் கிடைத்த இடத்திலும் எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

அதற்கே எதிர்ப்புக் கிளம்பியது. அமெரிக்காவின் குறைகளை மட்டும் பேசுகிறது, நாட்டை நிறுவியவர்களின் பெயர்களை மறைக்கிறது என்றார்கள். குடியரசுக் கட்சியின் தேசியக் குழு 2014 ஆகஸ்டில் கண்டனத் தீர்மானம் போட்டது. 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா மாநில அவையின் குழு ஒன்று, இந்தப் பாடத்துக்கு நிதியை நிறுத்தும் மசோதாவை 11க்கு 4 என்ற வாக்கில் ஆதரித்தது.

கொலராடோ மாநிலத்தின் ஜெஃபர்சன் மாவட்டத்தில் நடந்ததை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். அங்கே பள்ளி வாரியத்தில் ஒரு முன்மொழிவு வந்தது: பாடப் பொருள்கள் நாட்டுப்பற்றையும் அதிகாரத்துக்கு மரியாதையையும் வளர்க்க வேண்டும், சட்டமறுப்பையும் ஒழுங்கு குலைப்பையும் ஊக்குவிக்கக் கூடாது. 2014 செப்டம்பரில் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியே வந்து தெருவில் நின்றார்கள். சட்டமறுப்பைப் படிக்காதே என்றவர்களுக்குச் சட்டமறுப்பையே விடையாகக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் உடல்நிலை சரியில்லை என்று கூட்டமாக விடுப்பு எடுத்ததால் சில பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2015 நவம்பரில், அந்த வாரியத்தின் மூன்று உறுப்பினர்களை மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்தார்கள்.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. 2015 ஜூலையில் காலேஜ் போர்டு பாடத்திட்டத்தைத் திருத்தியது. அமெரிக்கா மற்ற நாடுகளைப்போல் அல்லாத தனிச்சிறப்புடையது என்ற கருத்தாக்கம் அதில் இடம்பெற்றது. ஆப்பிரிக்க அமெரிக்கர் பற்றிய தனி ஏ.பி. பாடம் 2022இல் 60 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியபோது இதே மோதல் மீண்டும் வந்தது. 2023 ஜனவரியில் ஃப்ளோரிடா மாநிலம் அதை மறுத்தது. அடுத்த மாதம் வெளியான பாடத்திட்டத்தில், கறுப்பின உயிர்களும் முக்கியம் என்ற இயக்கம், இழப்பீட்டுக் கோரிக்கை போன்றவை கட்டாயப் பாடமாக இல்லை. மாணவர் விரும்பினால் ஆய்வுக்கு எடுக்கலாம் என்ற வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தன. ஒன்றைப் பாடத்தில் வைத்துக்கொண்டே தேர்வுக்கு வெளியே தள்ளிவிட முடியும். கேட்கப்படாத பாடத்தை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

அம்பேத்கரும் அமெரிக்க வரலாறும்

இந்த வரலாற்றில் நமக்கு நேரடியான தொடர்பு உண்டு. 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை வெளியிட்டபோது, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியாவில்தான் டன்னிங்கும் அப்போது பேராசிரியர். மறுகட்டமைப்புக் காலத்தை ஏளனம் செய்த வரலாறு கோலோச்சிய அதே வளாகத்திலிருந்து வந்தவர், அந்தக் காலத்தின் சட்டங்களைத் தூக்கி எறியவில்லை. 1930இல் வட்டமேசை மாநாட்டுக்காகத் தீண்டப்படாதோரின் அரசியல் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தபோது, அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தையும், 1866, 1875ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களையும் முன்மாதிரியாகக் காட்டினார்.

1875 சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1883இலேயே செல்லாததாக்கிவிட்டது. தோற்கடிக்கப்பட்ட ஒரு சட்டத்தை எடுத்து, அதிலிருந்து நம் விடுதலைக்கான வரிகளை அம்பேத்கர் எழுதினார். 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.வுக்கு அளிக்கப்பட்ட மனுவின் படிகளைக் கேட்டார். டூபாய்ஸும் பதில் எழுதினார். இரு ஒடுக்கப்பட்ட மக்களின் அறிஞர்கள் ஆவணங்களைப் பரிமாறிக்கொண்ட நிகழ்வு இது. அவர்கள் செய்ததும் ஒருவகையில் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்ததுதான்.

அமெரிக்க வகுப்பறைக்குள் சாதி நுழைந்தபோது அங்கும் இதே சண்டை நடந்தது. கலிஃபோர்னியாவில் 2005-06இலும் மீண்டும் 2016இலும், பள்ளிப் பாடத்தில் சாதி பற்றிய வரிகளை மாற்றச் சொல்லிச் சில இந்து அமைப்புகள் கோரின. 2016இல் 'தலித்' என்ற சொல்லே விவாதப் பொருளானது. தலித்துகள் கல்வி அதிகாரிகள் முன் நேரில் நின்று தம் வரலாற்றைப் பேச வேண்டியிருந்தது.

நம் வினாத்தாள்

இங்கே என்ன நடக்கிறது? 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடை உரிமைக்காக நடத்திய போராட்டத்தைச் சொல்லும் பகுதி நீக்கப்படுகிறது, 2017 தேர்வில் அதிலிருந்து வினா கேட்கப்படாது என்பது அதன் சாரம். அந்தப் பகுதி தங்களை விவரித்த முறை இழிவானது என்று அச்சமூகத்தின் தரப்பிலிருந்தே எதிர்ப்பு எழுந்திருந்தது, வழக்கும் நடந்தது. தம்மைப் பற்றி எழுதப்படுவதைக் கேள்வி கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. விவரிப்பு தவறென்றால் திருத்தியிருக்கலாம். அச்சமூகத்தின் குரலையே ஆவணமாகச் சேர்த்திருக்கலாம். செய்தது என்ன? வினாவையே எடுத்துவிட்டார்கள். 2019இல் அந்த அத்தியாயமே நூலிலிருந்து போனது. போராடி வென்ற பெண்கள் பாடத்திலிருந்து மறைந்தார்கள். அவர்களை அவமானப்படுத்திய முறையைப் பற்றி யாரும் விடை எழுத வேண்டிய தேவையும் மறைந்தது.

ஆகவே, செயல்பாட்டாளர்களிடமும் மாணவர்களிடமும் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, பாடநூலைப் பார்ப்பதோடு வினாத்தாளையும் பார்ப்போம். கடந்த பத்தாண்டுகளின் வரலாற்று வினாத்தாள்களை எடுத்து, சாதி ஒழிப்புப் போராட்டங்களைப் பற்றி எத்தனை வினாக்கள் வந்தன, அவற்றின் மதிப்பெண் எவ்வளவு என்று எண்ணிப் பதிவு செய்வோம். பாடத்தில் இருந்தும் கேட்கப்படாதவை எவை என்று தனியாகப் பட்டியலிடுவோம்.

இரண்டாவது, வினாவின் வடிவத்தைப் பார்ப்போம். 'இன்னார் பிறந்த ஆண்டு எது?' என்ற வினாவில் அம்பேத்கர் வந்துவிடுவதால் மட்டும் நம் வரலாறு வந்துவிடுவதில்லை. ஒடுக்கப்பட்டோர் என்ன செய்தார்கள் என்று கேட்கும் வினா வேண்டும். அதற்கு மாணவர் சான்றோடு வாதம் எழுத இடம் வேண்டும்.

மூன்றாவது, ஆவணத் தொகுப்புகளை நாமே உருவாக்குவோம். ஒரு போராட்டத்துக்கு ஏழு ஆவணங்கள் போதும்: ஒரு மனு, ஓர் அரசாணை, ஒரு செய்தித்தாள் பகுதி, எதிர்த்தரப்பின் ஒரு கடிதம், ஒரு வாய்மொழிப் பதிவு, ஒரு புகைப்படம், ஒரு தீர்ப்பு. அவற்றை நம் மாலைநேரப் பயிற்சி மையங்களில் பிள்ளைகள் முன் வைத்து, எழுதச் சொல்வோம். இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை மறைத்தார் என்று கேட்போம். எழுதி முடித்ததும் அவர்களே தம் விடைகளை ஒப்பிட்டுப் பேசட்டும். தவறு சரி என்று நாம் உடனே குறுக்கிட வேண்டாம்.

இந்த மூன்றில் முதல் வேலைக்குப் பழைய வினாத்தாள்களும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். இன்று இங்கே வந்திருக்கும் மாணவர்கள் தத்தம் பாடத்திட்டத்திலிருந்து அதைத் தொடங்கலாம். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்தக் கணக்கு இந்த மேடையில் படிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஜெய்பீம்.